சேராமல் போன பெயர்கள்

தண்டையார்பேட்டையில், ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இயங்கிய சிறிய மென்பொருள் நிறுவனத்தில் ஆஃபியா வேலை பார்த்தாள். மணலியில் உள்ள ஒரு ரசாயன ஆலைக்கு அவர்கள் செய்து கொடுத்த புரோகிராம், வாயு கசிந்தால் உள்ளே இருப்பவர்களின் போனுக்கு எச்சரிக்கை அனுப்பும். ஆலையின் சைரன் மாதக்கணக்கில் பழுது. எல்லோரும் போனைத்தான் நம்பியிருந்தார்கள்.

ஜாவா என்ற கணினி மொழியில் எழுதிய பழைய புரோகிராம் அது. ஷிப்டில் இருப்பவர்களை ஒவ்வொருவராக எடுத்து லிஸ்டில் சேர்க்கும் நீளமான லூப்கள். ஆஃபியா அவற்றை எடுத்துவிட்டு, அதே வேலையைச் சுருக்கமாகச் செய்யும் ஸ்ட்ரீம் போட்டாள். பல வரிகள் ஒரே வரியாயின.

"படிக்கவே சுகமா இருக்கும்மா" என்றார் முதலாளி தவசிமுத்து.

லூப் தந்த லிஸ்டில் பிறகும் பெயர் சேர்க்கலாம். அவள் எழுதிய ஸ்ட்ரீம் தந்த லிஸ்டில் எதையும் சேர்க்க முடியாது. நிரந்தரத் தொழிலாளர்களுக்குப் பின்னால் ஒப்பந்தத் தொழிலாளர்களையும் அதிலேயே சேர்க்கும் வரி வேறொரு பக்கத்தில் இருந்தது. அதை அவள் பார்க்கவில்லை. சேர்க்க முடியாவிட்டால் புரோகிராம் பிழையைப் பதிந்துவிட்டு, லிஸ்டில் ஏற்கெனவே இருக்கிறவர்களுக்கு மட்டும் அனுப்பிவிடும்.

ஒரு மதியம் அம்மோனியா கசிந்தது. நிரந்தரத் தொழிலாளர்கள் வெளியேறிவிட்டார்கள். குழாய்க்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த ஒப்பந்தத் தொழிலாளி டெரிக்குக்குச் செய்தி வரவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான்.

பிழைப் பதிவைப் படித்த ஆஃபியா அதைத் தவசிமுத்துவிடம் காட்டினாள். தவசிமுத்து கதவைச் சாத்தினார்.

"நெட்வொர்க் போயிட்டுன்னு எழுதிருவோம், தாயி."

"மத்தவங்களுக்கெல்லாம் போயிருக்கே சார்."

விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் தன் தவறையும், சைரன் பழுதையும் அவள் எழுதிக் கொடுத்தாள். வேலை போனது. அறிக்கையில் அவள் தவறு இருந்தது. சைரனைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

ராயபுரத்தில் டெரிக்கின் வீட்டுக்குப் போனாள். அவன் மனைவி அனிஷா வாசலிலேயே நிறுத்தினாள்.

"அந்த மெசேஜ் வேல பாத்தது நீதானா?"

"ஆமாக்கா."

"மத்தவங்க போறத பாத்துகினுதான் இருந்தாராம். சாப்பாட்டு நேரம் போலன்னு நெனச்சிகினாராம். ஆஸ்பத்திரில சொன்னாரு."

அனிஷா கதவைப் பிடித்தபடி கேட்டாள்.

"சைரன் கெட்டுப் போயி கெடந்துதே, அத்த கோர்ட்டுல வந்து சொல்றியா?"

"சொல்றேன்கா."

"அப்ப நம்பர குட்த்துட்டுப் போ. உள்ள கூப்ட எனக்கு மன்சு வரல."

ஆஃபியா நம்பரைச் சொன்னாள். அனிஷா அதைப் போனில் ஏற்றிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.