நாற்பது பெயர்கள்

மூன்று வாரமாக இதே எழவுதான். காலை ஒன்பதரை ஆனால் போதும், ஒசியேக் கிளையிலிருந்தும் ஸ்பிளிட் கிளையிலிருந்தும் தொலைபேசி அலற ஆரம்பித்துவிடும். "உள்ளயே போக முடியலம்மா, 'முனையம் இல்லை'ன்னு வருது. ஜனங்க வரிசையில நிக்கிறாங்க." தலைமை அலுவலகத்தில் கணினியைப் பார்த்துக்கொள்ளும் மிரேலா இன்னொரு புகாரைக் குறித்துக்கொள்வாள்.

காப்பீட்டு நிறுவனத்தின் பெரிய கணினிக்குள் நுழைகிற ஒவ்வொரு ஊழியருக்கும் ஒரு முனையத்தின் பெயர் தரப்படும். நிஜத் திரையும் விசைப்பலகையும் அல்ல, பெயர் மட்டும்தான். தருவது அமர்வு மேலாளர் என்ற மென்பொருள். அதன் கையிருப்பில் நூறு பெயர்கள் இருந்தன. புது ஊழியர்கள் வந்ததும் அது போதாது என்று இன்னும் நாற்பது சேர்த்தார்கள். அன்று பிடித்தது சனி. நூறு பேர் நுழைவார்கள், நூற்றியோராவது ஆளுக்குக் கதவு திறக்காது. பட்டியலைப் பார்த்தாலோ நாற்பதும் யாருக்கும் தரப்படாமல் காலியாக இருக்கும். எண்ணி எண்ணி மிரேலாவுக்குக் கண் பூத்துப்போனது.

சேர்த்தது ஸ்வோன்கோ என்றது கணினியின் பதிவு. பக்கத்து மேசைக்காரன், பதினெட்டு வருடக் கூட்டாளி. அவனோ சுத்தமாக ஞாபகமே இல்லை என்றான்.

"மேல இருக்கறவங்க திட்டட்டும், அத விடு," என்றான் இன்றைக்கும், கோட்டை மாட்டிக்கொண்டே. "எங்கப்பா ஐம்பத்திரண்டு வயசுலதான் வீட்டுக்கு வர்ற வழிய மறந்தாரு. எனக்கு இப்ப அதே வயசு. பன்னிரண்டு மணிக்கு டாக்டர், ஞாபகசக்திப் பரிசோதனை. அதுக்கு முன்னாடி மேல போய் ராஜினாமாவக் குடுத்துட்டுப் போறேன்."

"வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருப்பா. முதல்ல பரிசோதனை முடியட்டும்."

"தான் செஞ்சதே தெரியாதவன் கையில இந்த மெஷினை விட்டு வைக்கலாமா, நீயே சொல்லு."

அவன் போய்விட்டான். அவளுடைய கணினி மறுபடி உறைந்து கிடந்தது. சலித்துக்கொண்டு அவன் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஸாக்ரெப் கிளையில் யார் யார் மாட்டியிருக்கிறார்கள் என்று தேட, இசட்டில் தொடங்கும் அந்த ஊர்ப் பெயரை அடித்தாள். திரையில் 'யாக்ரெப்' என்று விழுந்தது.

"இவன் ஒருத்தன்!" என்று முணுமுணுத்தாள். நிரல் எழுத வசதி என்று ஸ்வோன்கோ ஆங்கில விசை அமைப்பைத்தான் வைத்திருப்பான். அவள் பழகிய உள்ளூர் அமைப்பில் இசட் இருக்கிற இடத்தில் அதில் ஒய்.

அழிக்கப் போன விரல் அப்படியே நின்றது.

புதுப் பெயர்கள் நாற்பதும் டி-இசட் என்று தொடங்க வேண்டும். பட்டியலைத் திறந்து, இந்தத் தடவை எண்ணாமல் எழுத்தைப் படித்தாள். டி-ஒய். நாற்பதும் டி-ஒய். வலையமைப்புக்கு அப்படிப்பட்ட பெயர்களே தெரியாது. தெரியாத பெயரை அது எப்படி உள்ளே விடும்?

ஸ்வோன்கோவின் கை இந்தத் தப்பைச் செய்யாது. வருடக்கணக்காகப் பழகிய அமைப்பு. பழகாத கைதான் செய்யும். இரண்டு நாள் தொடர்ந்து வேலை பார்த்துச் சோர்ந்துபோன கை. இப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது: பெயர்களைச் சேர்த்த அன்றைக்கும் அவள் கணினி உறைந்து கிடந்தது, மேலிடத்திலிருந்து "நாற்பது சேருங்க, உடனே" என்று போன் வந்தது, சாப்பிடப் போனவனின் திரை திறந்திருந்தது. அடித்தாள், மறந்தாள். பதிவு அவன் பெயரைச் சொன்னதும் அவளும் அதையே நம்பிவிட்டாள். பாவி!

எழுத்தைத் திருத்தினாள். ஒரே நிமிடம். ஒசியேக்குக்காரி அழைத்து, "வந்துடுச்சும்மா!" என்று கத்தினாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை. அப்படி நினைத்ததற்கே மிரேலாவுக்குத் தன்மேல் அருவருப்பு வந்தது. படிக்கட்டுக்கு ஓடினாள்.

மாடிக்குப் போகும் வளைவில், கையில் ராஜினாமா உறையோடு அவன் இன்னும் தயங்கி நின்றிருந்தான்.

"ஸ்வோன்கோ, அதக் குடுக்காத. அது நான் அடிச்சது. உன் மெஷின்ல. நீ சாப்பிடப் போயிருந்த."

அவன் திரும்பவில்லை. "என் மனசு ஆறட்டும்னு சொல்றியா?"

"இல்லப்பா! இசட்டுக்குப் பதிலா ஒய் அடிச்சிருக்கேன், மடச்சி. அது உன் கை இல்ல. மூணு வாரத்துக்கு முன்னாடி செவ்வாய்க்கிழமை, கீழ கேண்டீன்ல..."

"பீன்ஸ் குழம்பு," என்றான் அவன் மெதுவாக. "செவ்வாய்க்கிழமை பீன்ஸ் குழம்பு. உப்பே போடல, அந்தப் பாவிங்க. பக்கத்து மேசையில இருந்து உப்பு வாங்கினேன்."

"ஆமா. வந்து என்கிட்ட ஒரு மணி நேரம் புலம்பின."

"ஞாபகம் இருக்கு," என்றான். "மிரேலா, எனக்கு ஞாபகம் இருக்கு." அப்படியே படியில் உட்கார்ந்து, ஐம்பத்திரண்டு வயது ஆண்பிள்ளை, விம்மி விம்மி அழுதான்.