பாரத்துக்கு வந்த அண்ணன்

தையல்காரியின் வெட்டும் மேசை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடுவில் வாயைப் பிளந்தது. இரண்டு பலகைகளைப் பக்கவாட்டில் ஒட்டிச் செய்த மேசை. அந்த ஒட்டு விட்டுப்போய்விட்டது. இத்தனை நாள் சும்மா கிடந்துவிட்டு, மறுநாள் காலையில் ஒரு வீட்டுக்கான திரைச்சீலை முழுவதும் வெட்ட வேண்டிய நேரம் பார்த்தா விடுவது? அவள் மேசையை வாய்க்கு வந்தபடி திட்டினாள். தச்சர் கடைக்கு ஓடினால் அங்கே பூட்டு தொங்கியது. பலகைகளை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்புகள் எல்லாம் கடைக்குள்ளே. மனுஷன் மாமியார் வீட்டில்.

கிளாம்ப் இல்லாவிட்டால் உலகம் நின்றுவிடுமா என்ன! கால்களைக் கழற்றினாள், காய்ந்த பழைய பசையைச் சுரண்டினாள், தரையில் பிளாஸ்டிக் தாளை விரித்துப் பலகைகளைப் படுக்கவைத்தாள். இரண்டையும் சேர்த்துத் தடித்த நாடாவால் சுற்றிக் கட்டி, நாடாவுக்குள் ஒரு குச்சியைச் செருகி முறுக்கினால் பலகைகள் நெருங்கி வந்துவிடும். பசை போடாமல் ஒருமுறை முறுக்கிப் பார்த்தாள். நெருங்கி வந்தன, ஆனால் நடுவில் கூடாரம் மாதிரி தூக்கிக்கொண்டன. மேலே பாரம் வைக்க வேண்டும். பாரம் என்றதும் அவளுக்கு ஒரே ஒரு ஆள்தான் நினைவுக்கு வந்தான்.

அண்ணன் அடுத்த தெருவில் இருக்கிறான். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். பஸ்ஸில் வரும் பிள்ளைகள் 'யானை மாமா' என்று கூப்பிடுவார்கள். அதில் அவனுக்கு ஏகப்பட்ட பெருமை. உட்காருவதற்கு ஆள் வேண்டும் என்று போனில் சொன்னதும், அதில் தனக்கு நல்ல அனுபவம் உண்டு என்று சிரித்துக்கொண்டே வந்து சேர்ந்தான்.

அவனைப் பார்த்ததும் சிரிப்பு வந்தாலும் அவளுக்கு உள்ளே ஒரு முள் இருந்தது. போன வாரம்தான் அண்ணி வந்து அழுதுவிட்டுப் போயிருந்தாள். அவனுக்குக் கண் சரியாகத் தெரிவதில்லையாம். தண்ணீரைத் தம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றுகிறானாம். பள்ளிக்கூட வாசல் தூணில் பஸ்ஸை உரசிவிட்டு, தூண் கோணலாக இருக்கிறது என்றானாம். டாக்டரிடம் போகலாம் என்று அந்தப் பேச்சை எடுத்தாலே வெளியே கிளம்பச் செருப்பைத் தேடுகிறானாம். பெண்டாட்டி பேச்சை வேண்டுமானால் மிகைப்படுத்தியது என்று தள்ளலாம். ஆனால் பஸ்ஸில் போவது ஊரான் வீட்டுப் பிள்ளைகள்.

பலகையின் ஓரத்தில் வெள்ளைப் பசையைத் தடவிச் சேர்த்தாள். ஒரு முனையில் அவள் நாடாவை முறுக்க, மறுமுனையில் இரண்டும் மட்டமாக இருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்வது அண்ணன் வேலை. அவன் குனிந்து பார்த்தான். எல்லாம் ஜோராக இருக்கிறது என்றான். பிறகு ஒட்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் தாளைப் போட்டு, பெருமூச்சோடு நடுவில் உட்கார்ந்தான். கூடாரம் கப்சிப்பென்று படுத்துவிட்டது.

வழிந்த பசையைத் துடைத்துக்கொண்டே அவள் அவன் பக்கத்து முனைக்கு வந்தாள். வந்தவளுக்குத் திக்கென்றது. ஒரு பலகை மேலேயும் மற்றது கீழேயுமாகப் படிக்கட்டு மாதிரி நின்றன. பலகைக்கு அடியில் பெரிய கோட்டுப் பொத்தான் ஒன்று மாட்டியிருந்தது. கறுப்புப் பொத்தான், வெள்ளைத் தாள். நின்றுகொண்டு பார்த்தாலே தெரியும். இவன் குனிந்து பார்த்தான்!

பசை இன்னும் ஈரம்தான். எழுந்திரு என்று ஒரு வார்த்தை சொன்னால் பொத்தானை எடுத்துவிடலாம், மேசை தப்பித்துவிடும். ஆனால் எழுந்தவன் அவள் வாயைத் திறந்ததும் செருப்பைத் தேடுவான். இப்போதோ, எழுந்தால் தங்கச்சி வேலை கெட்டுவிடும் என்று அசையாமல் உட்கார்ந்திருக்கிறான். இப்படி ஒரு சமயம் இனி எப்போது வாய்க்கும்? நாளைக்குக் காலையில் அவன் பஸ்ஸை எடுத்துவிடுவான்.

மேசை நாசமாய்ப் போகட்டும் என்று அவள் அவனுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, உனக்குக் கண்ணு எத்தனை நாளா தெரியலை?"

அவன் முகம் சிவந்தது. அண்ணிக்காரி வத்தி வைத்துவிட்டாளா என்று சீறினான். தூணைப் பற்றிச் சொன்னான், வெயிலைப் பற்றிச் சொன்னான், பஸ் கண்ணாடியைப் பற்றிச் சொன்னான். எழுந்து போய்விடுவேன் என்றான். ஆனால் எழவில்லை. பசை காயவில்லையே.

அவள் அவன் கையைப் பிடித்து இழுத்து, பலகையின் முனையில் வைத்தாள். அவன் விரல்கள் அந்தப் படியில் ஏறின, இறங்கின, திரும்பவும் ஏறின.

"இவ்வளவு பெருசாவா?" என்றான்.

"அடியில ஒரு பொத்தான் கிடந்தது உனக்குத் தெரியலை, போகட்டும். வண்டிக்கு முன்னால ஒரு குழந்தை நின்னா என்ன பண்ணுவே?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அப்புறம் வாய் தானாகத் திறந்தது. ஒரு நாள் ஒரு பெண்குழந்தை புத்தகப்பையை எடுக்க பஸ்ஸுக்கு முன்னால் குனிந்திருக்கிறாள். ஆயா கத்தியிருக்காவிட்டால் நகர்த்தியிருப்பான். அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து ராத்திரி தூக்கமில்லை. காலையில் மட்டும் எப்படியோ சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறான். வண்டியை விட்டால் தனக்கு வேறு என்ன தெரியும் என்று கேட்டு அழுதான். அவ்வளவு பெரிய உடம்பு குலுங்குவதைப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை. அவளும் அழுதாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவன் போனை அவளிடம் நீட்டினான். பள்ளிக்கூட மேலாளர் நம்பரைத் தேடிப் போட்டுக் கொடுக்கச் சொன்னான்; எழுத்தெல்லாம் எறும்பாகத் தெரிகிறதாம்.

"சார், நாளைக்கு வேற டிரைவரை அனுப்புங்க" என்றான் போனில். "லீவு இல்ல சார். எனக்குக் கண்ணு தெரியலை. பிள்ளைங்களை ஏத்திக்கிட்டுப் போகக் கூடாது."

போனை வைத்துவிட்டு முழங்கால் மேல் கைகளைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அவள் ஒட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள். நன்றாகப் பிடித்திருந்தது, இனி அந்தப் படியை யாராலும் இறக்க முடியாது. திரைச்சீலைக்காரம்மாவிடம் இரண்டு நாள் தவணை கேட்டுக்கொள்ளலாம்.

"காஞ்சிருச்சு அண்ணே. எழுந்திரு."

அவன் அசையவில்லை.

"எழுந்தா நான் டிரைவர் இல்லையேம்மா" என்றான். "இன்னும் கொஞ்ச நேரம் உக்காந்துக்கறேன்."

அவள் பலகையில் அவன் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டாள்.