எட்டுப் பல் சிரிப்பு

வெண்நுரை சலவை இயந்திர விளம்பரத்துக்காகச் சிரித்த பெண்ணுக்கு அந்தச் சிரிப்பு பதினொரு வருடம் முகத்தைவிட்டு இறங்கவில்லை. தூக்கத்திலும் எட்டுப் பல் தெரிந்தது. பல் மருத்துவர் எண்ணிப் பார்த்து, ஏழும் இல்லை, ஒன்பதும் இல்லை என்று எழுதியே கொடுத்திருக்கிறார். தெருவில் அவளுக்கு எட்டுப்பல் அக்கா என்றே பெயர் விழுந்துவிட்டது.

அவள் அந்தக் கம்பெனியில் இயந்திரங்களைப் பெட்டியில் அடைக்கிறவள். படம் பிடிக்கும் நாளில் வரவேண்டிய அழகி வராமல் போக, மேனேஜர் இவளைக் கூப்பிட்டு இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார். துணி பிழியும் உருளைகளைச் சட்டென்று நிறுத்த மேலே ஒரு கைப்பிடி உண்டு. அது முகத்தை மறைக்கிறது, கழற்றுங்கள் என்றார் போட்டோகிராபர். அவளே கழற்றி அங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். "சிரிங்க... ஆங், அப்படியே இருங்க, அசையாதீங்க" என்றவர் படத்தை எடுத்தார், கேமராவை மூடினார், சாப்பிடப் போய்விட்டார். போதும் என்று அவளிடம் யாருமே சொல்லவில்லை.

அந்தப் படம் இருநூற்றுப் பன்னிரண்டு சுவர்களிலும் கணக்கில்லாத தகரப் பலகைகளிலும் ஏறியது. கீழே 'இனி உங்கள் கைகளுக்கு ஓய்வு' என்று கொட்டை எழுத்து. படத்தில் கைப்பிடி இல்லை, பெட்டியைத் திறந்தால் இருக்கிறதே, ஏமாற்று வேலையா என்று வாங்கினவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். மூளை உள்ள கம்பெனி வேறு படம் எடுத்திருக்கும். இவர்கள் இயந்திரத்தை மாற்றினார்கள். "படத்துல இல்லாத சாமான் மெஷின்ல எதுக்கு?" என்று மேனேஜர் கேட்டாராம், எல்லோரும் தலையாட்டினார்களாம், டீ ஆறுவதற்குள் கூட்டம் முடிந்ததாம்.

படத்தில் நின்ற இயந்திரத்தை அவளுக்கே பரிசாகக் கொடுத்தார்கள். மறு வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, போர்வை பிழிந்துகொண்டிருந்த தங்கையின் வலது கையை உருளைகள் உள்ளே இழுத்தன. பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து பிளக்கைப் பிடுங்குவதற்குள் மூன்று விரல் போய்விட்டது. அலறல் கேட்டுப் பதறி வந்த எட்டுப்பல் அக்கா சிரித்துக்கொண்டே வந்தாள் என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். சொல்கிற நாக்கு அழுகட்டும்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே ஒரு வேலைதான்: அந்தக் கைப்பிடியை எல்லா இயந்திரத்திலும் திரும்ப வைக்க வேண்டும். மேனேஜர் முன்னால் போய் நின்றாள். "சார், என் தங்கச்சி கை போச்சு. இன்னொரு வீட்டுல போகக்கூடாது."

"எவ்வளவு சிரிச்ச முகமா சொல்றீங்க! உங்களை மாதிரி ஆளுங்கதாம்மா கம்பெனிக்கு வேணும்" என்று ஒரு காலண்டரைச் சுருட்டிக் கொடுத்தார் அந்தப் புண்ணியவான். போலீஸ் நிலையத்தில் மனுவை வாங்கி, 'மனுதாரர் மகிழ்ச்சியாகக் காணப்பட்டார்' என்று ஓரத்தில் குறித்து வைத்தார்கள். வருடா வருடம் போனாள். வருடா வருடம் காலண்டர் கிடைத்தது. அதற்குள் வேறு வீடுகளில் பதினான்கு கைகள்.

பதினோராம் வருடம் தங்கைக்குப் பொறுமை போய்விட்டது. "நீ பேசாதக்கா. உன் வாயைப் பாத்தா எவனும் நம்பமாட்டான். என் கையைப் பாக்கட்டும்" என்று அக்காவை இழுத்துக்கொண்டு கம்பெனிக்கு எதிர்ச்சுவருக்குப் போனாள். அங்கே ஏணிமேல் பெயிண்டர், வருடாந்திர வழக்கப்படி அதே படத்துக்குப் புது வண்ணம் பூசிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அந்த வாயை மூடுங்க."

"யாரு வாயை? என் வாயையா?"

"சுவத்துல இருக்கிற எங்க அக்கா வாயை."

"கம்பெனி அளவு குடுத்திருக்கும்மா. எட்டுப் பல்லு. ஒண்ணு கொறைஞ்சா என் வேலை போயிடும்."

தங்கை கையை ஏணிக்கு நேராகத் தூக்கிக் காட்டினாள். "எனக்கு மூணு கொறைஞ்சிருக்கு. இந்த மெஷின்தான் எடுத்துச்சு. யாரு வேலையும் போகல."

பெயிண்டர் கையைப் பார்த்தார். அதற்கு மேலே தான் எழுதிய 'கைகளுக்கு ஓய்வு' என்பதைப் பார்த்தார். சிவப்பு டப்பாவைத் திறந்து, ஒவ்வொரு பல்லின்மேலும் உதட்டை இழுத்துக்கொண்டு போனார். எட்டாவது பல் மறைந்ததும் கீழே நின்றவளிடம், "போதும்மா" என்றார்.

அவள் வாய் மூடியது. அதே நேரத்தில் மற்ற இருநூற்றுப் பதினொரு சுவர்களிலும், தகரப் பலகைகளிலும், மேனேஜர் தலைக்கு மேலே தொங்கிய காலண்டரிலும் மூடியது. எல்லாப் படமும் எதிரே நிற்பவரை நேராக முறைத்தது. அவள் சாலையைக் கடந்து உள்ளே போய், அன்று கழற்றிப் பையில் போட்ட கைப்பிடியை மேஜைமேல் டக்கென்று வைத்து, பத்து வருடமாகச் சொன்ன அதே வார்த்தைகளைச் சொன்னாள். மேனேஜர் எழுந்து நின்றார். "இத்தனை நாளா ஏம்மா சொல்லல?" என்று வேறு கேட்டார், வெட்கமில்லாமல்.

கைப்பிடி திரும்ப வந்தது. விற்ற இயந்திரங்களுக்கும் வீடு தேடிப்போய்ப் பூட்டினார்கள். சுவர்களில் சிரிப்பைத் திரும்ப வரைய வெளியூரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். வண்ணம் காய்வதற்குள் வாய் மூடிக்கொண்டதால் கம்பெனி அதை விட்டுவிட்டது. இப்போது 'முறைக்கிற அக்கா சுவர்ல திரும்புங்க' என்றுதான் தெருவில் வழி சொல்கிறார்கள்.

போன மாதம் அக்காவும் தங்கையும் ஸ்டூடியோவுக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டார்கள். "கொஞ்சம் சிரிங்கக்கா" என்றான் படம் எடுப்பவன்.

"எதுக்கு?" என்று கேட்டாள் அவள். அவனும் யோசித்துப் பார்த்தான். காரணம் ஒன்றும் தோன்றாததால் அப்படியே எடுத்தான். எடுத்து முடித்ததும், கேட்காமலே, "போதுங்கக்கா" என்றான்.