மாலினி பூக்கட்டிக் கேட்ட இடம்

கனகலிங்கம் அத்தானோடு சண்டை பிடிக்கக் கூடாது என்றுதான் அந்தச் சனிக்கிழமை முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். என் மாமன் மகன். தங்கை மாலினியையும் கூட்டிக்கொண்டு சுவிஸிலிருந்து வந்து, லண்டன் மோர்டனில் எங்கள் வீட்டில் இரண்டு நாள் நின்றார். மாலினியின் கணவன் கிருஷ்ணராசா மே மாதம், போரின் கடைசி நாட்களில், வன்னியில் காணாமல் போனவன். மூன்று மாதமாகிவிட்டது. உயிரோடு கண்டேன் என்று சொல்ல ஒருவரும் இல்லை, செத்தான் என்று சொல்லவும் ஒருவரும் இல்லை.

ஆனால் அத்தான் சொல்லிவிட்டார். சுவிஸில், பேர்ண் நகரில் மண்டபம் எடுத்து, நினைவு மலர் அடிக்கக் கொடுத்து, செத்த திகதியையும் தானே வைத்துவிட்டார். பொட்டோடு நிற்கிற தங்கையை விதவையாக்க இந்த மனிசனுக்கு அப்படி என்ன அவசரம்?

அன்று காலை மாலினி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அண்ணை, விம்பிள்டன் கோயிலில பூக்கட்டிப் பாப்பம், அம்மனுக்கு முன்னால ரெண்டு பொட்டலம் வைச்சு ஒண்டை எடுப்பம். சிவப்பு வந்தா அவர் இருக்கிறார். வெள்ளை வந்தா நீங்கள் சொல்லுறபடி செய்யிறன்."

அத்தான் உடனே சம்மதித்தது எனக்கே ஆச்சரியம். கேட்கிறவள் கட்டக் கூடாது என்று, எங்கள் வாசலில் சிவப்பும் வெள்ளையுமாய் நின்ற ரோசாக்களைத் தானே பிடுங்கி, தாளில் சுற்றி, இரண்டு பொட்டலமாக அவள் கைப்பைக்குள் வைத்தார்.

"முதல் லண்டனைச் சுத்திப் பாப்பம். பின்னேரம் கோயில்."

பார்த்தோம். போர் நினைவுச்சின்னம் ஒன்றின் முன்னால் அரைமணி நேரம் படமெடுத்தார். கல்லில் வரிவரியாகப் பெயர்கள்.

"என்ன மாதிரி மதிச்சிருக்கிறாங்கள் பாருங்கோ! இந்தப் படம் நினைவு மலரின்ரை அட்டைக்கு நல்ல எடுப்பாயிருக்கும்."

மாலினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிறகு அருங்காட்சியகம். எகிப்து, கிரேக்கம் என்று கால் கடுக்க நடத்தி, தென்னிந்தியச் சிலைகளிடம் கொண்டுவந்தபோது நாலு மணி.

"இனிக் கோயிலுக்கு நேரம் காணாது. எட்டு மணிக்குப் பிளைட்" என்றார். காலையில் அந்தப் பிளைட் எங்கே போயிருந்ததாம்?

கண்ணாடிக்குள் ஒரு அம்மன் நின்றாள். இடுப்பில் ஒரு முழத் துணி இல்லை, நெற்றியில் ஒரு பொட்டு இல்லை, காலடியில் ஒரு இலக்கம். யாரோ ஒரு துரையின் நன்கொடை என்று எழுதியிருந்தது. யார் வீட்டுத் தாயை யார் நன்கொடை கொடுக்கிறது!

மாலினி சப்பாத்தைக் கழற்றிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "நான் இஞ்சையே கேக்கிறன், மச்சாள்."

"உனக்கென்ன விசரே? சனம் பாக்குது!" அத்தான் பாய்ந்தார்.

"பாக்கட்டும், அத்தான். நீங்கள் பேசாமல் நில்லுங்கோ" என்றேன்.

அவள் இரண்டு பொட்டலத்தையும் கண்ணாடிக்கு முன்னால் தரையில் வைத்துக் கண்ணை மூடிக் கும்பிட்டாள். "மச்சாள், நீங்கள் ஒண்டை எடுங்கோ."

எதை எடுத்துத் தொலைக்கிறது? நான் குனிவதற்குள் காவலாளி ஓடிவந்துவிட்டான். பொட்டலம் ஒன்று தரையில் கிடந்தால் குண்டோ என்று பதறுகிற ஊர் இது. உள்ளே என்ன என்று கேட்டான். பூ, வெறும் பூ, பிரிக்காதே என்று கத்தினேன். அவன் கேட்கவில்லை. எங்கள் கண் முன்னால் இரண்டையும் பிரித்தான்.

இரண்டிலும் வெள்ளை ரோசா.

பூதானே என்று அவன் நிம்மதியோடு என் கையில் கொட்டிவிட்டுப் போனான். நான் போட்ட சத்தத்தில் அந்தக் கூடமே திரும்பிப் பார்த்தது.

"வெக்கமில்லையே உங்களுக்கு? கூடப் பிறந்தவளை இப்பிடி ஏமாத்த எப்பிடி மனம் வந்தது? சிவப்பு எங்கை, அத்தான்?"

"அவளின்ரை நன்மைக்குத்தான்... எத்தினை நாளைக்கு இப்பிடிக் காத்திருக்கிறது..." அவர் நிலத்தைப் பார்த்தார்.

மாலினி அழவில்லை. ஆறுதலாகச் சப்பாத்தைப் போட்டாள். வார் மாட்டி நிமிர்ந்தாள். மூன்று மாதத்தில் அன்றுதான் அவள் முகத்தில் ஒரு தெளிவைக் கண்டேன்.

"பேர்ண் மண்டபத்தை வேண்டாமெண்டு சொல்லுங்கோ, அண்ணை. அவர் இருப்பாரெண்டு உங்களுக்கும் ஒரு நினைப்பு இருக்கு. இல்லாட்டி ஒரு சிவப்புப் பூவுக்கு ஏன் இவ்வளவு பயந்தனீங்கள்?"