கைராசிக்கார சேர்

தேனுகாவுக்குக் கனடாவில் ஒரு பல்கலைக்கழகம் இடம் வைத்துக்கொண்டிருக்கிறது என்ற செய்தி, புதுக்குடியிருப்புச் சந்தையில் மீன் வந்திறங்கிய செய்தியைவிட வேகமாகப் பரவியது. பரப்பியது வேறு யாருமல்ல, அவளைப் பெற்ற சிவலட்சுமிதான். ஆளுக்கு ஆள் இரகசியம் என்று சொல்லித்தான் சொன்னாள்.

அந்த இடம் முழுதாய்க் கைக்கு வரவில்லை. ஜி.ஆர்.ஈ. என்றொரு நுழைவுச் சோதனை. அதில் போதிய புள்ளி எடுத்து மார்கழி முதலாந் திகதிக்குள் அனுப்பினால் உதவிப்பணத்தோடு மேற்படிப்பு. அனுப்பாவிட்டால் இடம் வேறு யாருக்கோ. பட்டம் முடித்து நாலு வருடமாக வேலை இல்லை. வீட்டு விறாந்தையில் நாலாம் ஆண்டுப் பிள்ளைகள் ஏழு பேருக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தாள் தேனுகா. அவளுக்கு இதைவிட்டால் வேறு கதவில்லை என்பது தாய்க்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

ஆகவே படிப்பிக்க ஒரு சேர் பிடிக்கவேண்டும்.

"தர்மிளாக்காவைக் கேப்பமே அம்மா? அவா ரெண்டு தரம் எடுத்த சோதினை" என்றாள் தேனுகா.

சிவலட்சுமி சுளகைக் கீழே வைத்துவிட்டாள். தர்மிளா பின் ஒழுங்கைக்காரி. ஆறு வருடத்துக்கு முன் இதே சோதனையை எழுதினாள், இதே கனடாவுக்கென்று பெட்டியும் வாங்கினாள். போகவில்லை. பேசி வந்த கலியாணமும் முறிந்தது. இப்போது தையல் மெசினோடு இருக்கிறாள். ஊர் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து அவளுக்கு ராசியில்லை என்று எழுதி முடித்துவிட்டது. சிவலட்சுமியும் அந்தக் கணக்கில் கை வைத்தவள்தான். போன தை மாதம் அயல்வீட்டுக்கு அத்திவாரம் போட்டபோது, கல்லுக்குப் பூ வைக்க வந்த தர்மிளாவின் கையிலிருந்து தட்டத்தை மெல்ல வாங்கி வேறொருத்தியிடம் கொடுத்தவள் அவள்.

"படிப்பிக்கிறதுக்கு அறிவு மட்டும் காணாது பிள்ளை" என்றாள். "கைராசி எண்டு ஒண்டு இருக்கு."

கைராசிக்கு ஆள் காட்டியது முன்வீட்டு இரஞ்சிதம். "விஜிதரன் சேரிட்டை விடுங்கோ அக்கா. அந்தாள் கை வைச்ச பிள்ளை ஒண்டாவது கம்பசுக்குப் போகாமல் விட்டிருக்கே? சந்தியிலை பதாகையைப் பாத்தனீங்களே? நாப்பத்தெட்டு முகம்!"

சிவலட்சுமி பதாகையின் கீழ் நின்று முகங்களை எண்ணியே பார்த்தாள். நாற்பத்தெட்டு சரியாக இருந்தது. தவறிய முகங்களுக்குப் பதாகை அடிப்பதில்லை என்பது அப்போது அவள் யோசனைக்கு வரவில்லை.

விஜிதரன் சேர் பல்கலைக்கழகம் போவதற்கான உயர்தரச் சோதனைக்கு இணைந்த கணிதம் படிப்பிப்பவர். ஜி.ஆர்.ஈ. என்றதும் ஒரு கணம் கூரையைப் பார்த்தார். தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாத மனுசன்.

"எல்லாம் கணக்குத்தானே அம்மா. அத்திவாரம் சரியெண்டால் எந்தச் சோதினையும் நிக்கும்."

"இங்கிலிசும் இருக்காம் சேர்."

"அது வாசிக்க வாசிக்கத் தன்பாட்டிலை வரும்."

ஆவணியிலேயே தொடங்கியிருக்கலாம். சிவலட்சுமி விஜயதசமி மட்டும் காக்கவைத்தாள். ஏடு தொடக்குகிற நாளில், சின்னப்பிள்ளைகள் அரிசியில் அகரம் எழுதி அழுதுகொண்டிருக்க, இருபத்தேழு வயதுப் பட்டதாரி வரிசையில் நின்று, சந்தனம் பூசிய கொப்பியில் சேரின் கையால் முதற்கணக்கு வாங்கினாள். கைவசம் இருந்தது ஏழு கிழமை.

சேர் நேர்மையாகத்தான் உழைத்தார். தொகையீடும் வகையீடும் ஓடின. ஒவ்வொரு கணக்கையும் படிப்படியாக எழுதவைத்தார்.

"விடை பிழைச்சாலும் படிக்குப் புள்ளி விழும். படி விட்டியோ, போச்சு."

உயர்தரச் சோதனையில் அது உண்மை. அந்த உண்மையில்தான் நாற்பத்தெட்டு முகங்களும் ஏறின.

ஒரு மத்தியானம் தர்மிளா தைத்த சட்டை கொடுக்க வந்தாள். மேசையில் கிடந்த கொப்பியைப் பார்த்து நின்றாள். "அன்ரி, இந்தச் சோதினையிலை ஒருத்தரும் படி பாக்கிறேல்லை. கொம்பியூட்டரிலை விடையை மட்டும் அமத்திறது. ஒரு கேள்விக்கு ரெண்டு நிமிசமும் இல்லை. தேனுகாவை இப்பிடி எழுத விடாதேங்கோ, நேரம் ஓடிப்போம்."

"சரி பிள்ளை, சேருக்குச் சொல்லுறன்" என்று அவளை வாசற் படலை மட்டும் அனுப்பிவைத்தாள் சிவலட்சுமி. சேருக்குச் சொல்லவில்லை. மகளுக்கும் சொல்லவில்லை. தர்மிளா நின்ற இடத்துக்கு மட்டும் மஞ்சள் தண்ணி தெளித்தாள்.

கார்த்திகை கடைசியில் தாயும் மகளும் கொழும்புக்கு பஸ் ஏறினார்கள். சோதனை மண்டபத்துக்குள் போய் நாலு மணித்தியாலத்தில் தேனுகா வெளியே வந்தாள். திரும்பி வருகிற பஸ்ஸில், வவுனியா தாண்டிய பிறகுதான் மகள் வாய் திறந்தாள்.

"கணக்கு எல்லாம் தெரிஞ்ச கணக்கம்மா. பத்தாம் ஆண்டுக் கணக்கு. நான் படி எழுதிக்கொண்டிருந்தன். பாதிக் கேள்வி தொடாமலே நேரம் முடிஞ்சிட்டுது. இங்கிலிசு அதைவிடக் கேவலம்."

"எழுதின படிக்கு..."

"அந்தத் தாளை வாசலிலை வாங்கிப் பெட்டிக்குள்ளை போட்டிட்டினம். ஒருத்தரும் பாக்கேல்லை."

திருப்பி எழுத நாள் இருக்கவில்லை. மார்கழி பிறந்தது. இடம் போனது.

சிவலட்சுமி அதற்குப் பிறகுதான் பின் ஒழுங்கைக்குப் போனாள். தர்மிளா கதிரை எடுத்துப் போட்டாள்.

"நீயும் இப்பிடித்தானே பிள்ளை ரெண்டு தரமும் விட்டனீ?"

தர்மிளா மெசினை நிறுத்தினாள். "முதல் தரந்தான் அன்ரி. ரெண்டாந் தரம் எனக்குக் காணுமான புள்ளி வந்தது. விசாதான் தரேல்லை."

"ஒருத்தரும் சொல்லேல்லையே."

"ஒருத்தரும் கேக்கேல்லையே."

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் சிவலட்சுமிக்கு உதவியாக இருந்திருக்கும். இல்லை. மெசின் மறுபடி ஓடத் தொடங்கியது.

அடுத்த கிழமை தேனுகாவின் விறாந்தையில் ஏழு பிள்ளை நாலாகி, பிறகு ஒன்றானது. மிஞ்சியது முன்வீட்டு யதுர்ஷிகா, இரஞ்சிதத்தின் மகள். திங்கட்கிழமை அவளும் வரவில்லை. இரஞ்சிதம் மட்டும் படலையில் நின்றாள், உள்ளே வராமல்.

"குறை நினைக்காதேங்கோ அக்கா. தேனுகா நல்ல கெட்டிக்காரி, நான் இல்லையெண்டு சொல்லேல்லை. எண்டாலும் இவளுக்கு வாற வரியம் ஸ்கொலர்சிப் சோதினை. படிப்பிக்கிறதுக்கு அறிவு மட்டும் காணாதுதானே..."

மிச்சத்தை அவள் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அது சிவலட்சுமியின் வாயிலிருந்து இந்த ஒழுங்கை முழுக்கப் போய்வந்த வசனம். சிவலட்சுமி ஓம் என்று தலையாட்டினாள்.

"ஆரம்மா?" உள்ளேயிருந்து தேனுகா கேட்டாள். பாயை விரித்து, கரும்பலகையைத் துடைத்து, நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒருத்தருமில்லை" என்று சொல்லிவிட்டு, சிவலட்சுமி படலையைச் சாத்தினாள்.