ஜஸ்டினாவின் தண்ணீர்

பிர்கன்ஃபெல்ட் மெனோனைட் சபையில், இலையுதிர் காலத்துத் திருவிருந்து அன்று, ஜஸ்டினா ஹீபர்ட் பாதங்களை வைத்ததும் பாதம் கழுவும் பேசினில் இருந்த வெந்நீர் உறைந்து கட்டியாகிவிட்டது. அந்த வருடம் கோதுமைக்கு நல்ல விலை. கனடாவின் மானிட்டோபா மாகாணம் முழுக்கப் பனி தாமதமாகத்தான் விழுந்தது. அவள் பாதங்களைக் கழுவ மண்டியிட்டிருந்த அகத்தா லேப், கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். மூப்பர் ஹைன்ரிக்ஸ் பெண்கள் அறையின் கதவுக்கு வெளியே நின்று விஷயத்தைக் கேட்டுவிட்டு, இந்த வருடம் கிணற்றுத் தண்ணீரே அப்படித்தான் என்றார். கெட்டிலில் இருந்து கொதிக்கக் கொதிக்க ஊற்றிப் பார்த்தார்கள். அதுவும் உறைந்தது.

இருவர் இருவராகச் சேர்ந்து ஒருவர் பாதத்தை மற்றவர் கழுவி, எழுந்து முத்தம் கொடுத்துக்கொள்வது அந்தச் சபையின் வழக்கம். யாரோடாவது மனத்தாங்கல் இருந்தால் அதை முன்னாலேயே தீர்த்துவிட்டுத்தான் அங்கே உட்கார வேண்டும். ஜஸ்டினாவும் அகத்தாவும் தீர்த்திருந்தார்கள் என்றுதான் ஊர் நம்பியது. அந்த வருட ஆகஸ்ட் மாத அறுவடையின்போது, முன்னால் போன வண்டி கிளப்பிய புழுதியில் கண் தெரியாமல், அகத்தா ஓட்டி வந்த கோதுமை லாரி ஜஸ்டினாவின் மகள் லீஸ்பெத்தின் சைக்கிள் மீது ஏறிவிட்டது. பதினாறு வயதுப் பெண். தகப்பன் போன பிறகு அந்த வீட்டில் மிச்சமிருந்த ஒரே பேச்சுச் சத்தம் அவளுடையது. அடக்கம் முடிந்த மூன்றாம் ஞாயிறே மூப்பர் இருவரையும் முன்னால் அழைத்தார். ஜஸ்டினா எழுந்து நின்று, "மன்னிச்சுட்டேன்" என்றாள். சபை அழுதது, நாலு குரலாகப் பிரிந்து பாட்டுப் பாடியது. வெளியே வரும்போது எல்லோருக்கும் நெஞ்சு லேசாக இருந்தது, அந்த இருவரைத் தவிர.

அதன்பின் வருடங்கள் ஓடின. வின்னிபெக் டாக்டர் ரத்த ஓட்டம் சரியில்லை என்று மாத்திரை கொடுத்தார். கூடாரம் போட்டுக் குணமாக்கும் பிரசங்கியார் ஒருவர் வந்து, உறைந்த தண்ணீரை அதட்டு அதட்டென்று அதட்டினார். அது அசையவில்லை, அவருக்குத்தான் ஜலதோஷம் பிடித்தது. ஜெபக்குழுப் பெண்கள் அவள் தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டு, கோட்டுப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். இவள் இன்னும் விசுவாசிக்கவில்லை போலிருக்கிறது என்று சிலர் ஜாடையாகச் சொன்னார்கள். திருவிருந்து நாட்களில் அவளோடு ஜோடி சேர யாரும் வரவில்லை. கோபம் ஒன்றுமில்லை, குளிர்தான். கழுவப்படாதவள் மற்றவரைக் கழுவவும் முடியாது என்பதால், கடைசி பெஞ்சில் காலுறையைக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பாள்.

ஒரு விதத்தில் மட்டும் ஊருக்கு அவள் வேண்டியிருந்தது. ஜூலை மாதச் சபை விருந்துக்கு ஐஸ்கிரீம் கடைய ஐஸ் வேண்டுமே. சபைக் கட்டடத்தின் கீழறையில் பெரிய தகரத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி அவளைக் கால் வைக்கச் சொல்வார்கள். உறைந்ததும் ஆண்கள் ஓரமாக உடைத்து வாளிகளில் அள்ளிக்கொண்டு, "ரொம்ப நன்றிம்மா" என்று படியேறிவிடுவார்கள். காலைச் சுற்றி இருக்கும் கட்டி தானாக விடும்வரை அவள் கீழே உட்கார்ந்து, மேலே பிள்ளைகள் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள். அவளுக்கு ஒரு கிண்ணம் ஐஸ்கிரீம் கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. கெட்டவர்கள் இல்லை, மறந்துவிட்டார்கள்.

ஞாயிறு மத்தியானக் காப்பிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் ஆட்கள் வருவது அந்தப் பக்கத்து வழக்கம். அதற்காகவே சனிக்கிழமை எல்லா வீட்டிலும் கூடுதலாக ரொட்டி சுடுவார்கள். பெரிய உருண்டையின் தலையில் சின்ன உருண்டை உட்கார்ந்திருக்கும் வெண்ணெய் ரொட்டி. ஜஸ்டினாவும் வாரம் தவறாமல் சுட்டாள். ஆறு கோப்பைகளைக் கவிழ்த்து வைப்பாள். மாலையில் ஒன்றை மட்டும் கழுவி, மற்றவற்றை அப்படியே அலமாரியில் எடுத்து வைப்பாள். இதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. உறைந்த தண்ணீர் பழகிவிட்டது. கழுவாத கோப்பைகள் பழகவில்லை.

மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிறு, அகத்தா லேப் நடந்தே வந்து கதவைத் தட்டினாள். லாரிச் சாவியை அவள் அந்த ஆகஸ்டுக்குப் பிறகு தொட்டதே இல்லை.

"உள்ள வரலாமா?"

"ஞாயித்துக்கிழமை வர்றவங்கள வாசல்லயே திருப்பி அனுப்புற ஊரா இது? பூட்ஸைத் தட்டிட்டு வா."

காப்பி ஊற்றினாள். அகத்தா ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"என்ன இவ்ளோ கசக்குது?"

"எப்பவும் இப்படித்தான் போடுவேன். குடிச்சுச் சொல்ல ஆள் வந்தாத்தானே தெரியும்."

அகத்தா கோப்பையைக் கீழே வைத்தாள். "நீ சபை முன்னாடி மன்னிச்சுட்டேன்னு சொல்லிட்ட. அதுக்கப்புறம் நான் உங்கிட்ட மன்னிப்புக் கேக்கவே வழியில்லாமப் போச்சு. கேட்டா நீ சொன்னதைப் பொய்யாக்குற மாதிரி ஆயிடும்னு பயந்தேன்."

"அது பொய்தான்" என்றாள் ஜஸ்டினா. "அவ தலையணை உறையைக்கூட நான் அப்ப துவைக்கல. எழுந்து நின்னு சொல்லுன்னாங்க, சொன்னேன். எல்லாரும் பாட்டுப் பாடினீங்க. நான் உன்ன மன்னிக்கல, அகத்தா. இன்னைக்கு வரைக்கும் மன்னிக்கல."

"சரி."

"என்ன சரி?"

"சரின்னா சரி. அந்தப் பேசினை எடுத்துட்டு வா."

வெந்நீர் ஊற்றினார்கள். அகத்தா மண்டியிட்டு, ஜஸ்டினாவின் இரண்டு பாதங்களையும் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் உறைந்தது. இந்த முறை அவள் கையை எடுக்கவில்லை. மணிக்கட்டு வரை கட்டிக்குள் மாட்டிக்கொண்டது. அடுப்பில் காப்பிப் பானை பொங்கி வழிந்தது. எழுந்து போய் இறக்க இருவராலும் முடியவில்லை.

"வலிக்குதா?"

"வலிக்குது. நீ பேசு."

ஜஸ்டினா பேசினாள். சைக்கிள் சீட் லீஸ்பெத்துக்கு உயரம் என்றும், இறக்கித் தருகிறேன் என்று சொல்லிச் சொல்லியே இறக்காமல் விட்டேன் என்றும், இதைக் கடவுளிடம்கூடச் சொன்னதில்லை என்றும் சொன்னாள். பிறகு வாய்விட்டு அழுதாள், அடக்கத்தன்று அழ வேண்டிய அழுகை. அகத்தா புழுதியைப் பற்றிச் சொன்னாள். சைக்கிள் மணிச் சத்தம் காதில் விழுந்ததைச் சொன்னாள், அது எந்தப் பக்கம் என்று தெரியாமல் போனதைச் சொன்னாள். ஜஸ்டினா கேட்டுக்கொண்டாள். ஜன்னலில் வெயில் சாயும் நேரத்தில் கட்டி விளிம்பில் நீர் விட்டது. அகத்தாவின் கைகள் பீட்ரூட் நிறத்தில் வெளியே வந்தன. அன்று இரண்டு கோப்பைகள் கழுவப்பட்டன.

அடுத்த ஞாயிறும் தண்ணீர் உறைந்தது. அதற்கடுத்த ஞாயிறும் உறைந்தது. அகத்தா ஒவ்வொரு முறையும் வந்தாள்.

வசந்த காலத் திருவிருந்தில் இருவரும் ஜோடியாக உட்கார்ந்தார்கள். மற்றப் பெண்கள் எல்லோரும் கழுவி முடித்தும் அந்தப் பேசின் கட்டியாகவே இருந்தது. மூப்பர் ஹைன்ரிக்ஸ் ஆசீர்வாதம் சொல்லி முடித்துவிடலாமா என்று கதவருகில் இருமிக் காட்டினார். "மன்னிச்சாச்சா இல்லையான்னு இந்தத் தடவை யாரும் கேக்க வேணாம் மூப்பரே" என்றாள் அகத்தா, திரும்பிப் பார்க்காமல். "நீங்க போய்ப் பாட்டை ஆரம்பிங்க." தெரிந்த பாட்டெல்லாம் தீர்ந்தது. யாரோ வீட்டுக்குப் போய் ரொட்டி கொண்டுவந்தார்கள். யாரோ ஜஸ்டினாவின் தோளில் சால்வை போட்டு, காப்பியை அவள் கையில் கொடுத்தார்கள். மாடு கறக்கும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் கட்டி உருகியது. பேசினை மாற்றி வெந்நீர் ஊற்றினார்கள். இப்போது ஜஸ்டினா மண்டியிட்டு, அத்தனை வருடங்களுக்குப் பிறகு முதல் தடவையாக, இன்னொருத்தியின் பாதங்களைக் கழுவினாள். அவள் கை பட்ட தண்ணீர் கடைசிவரை சூடாகவே இருந்தது.

பிர்கன்ஃபெல்டில் பாதம் கழுவும் ஆராதனை இப்போதும் காலையில் தொடங்கிச் சாயங்காலம்தான் முடிகிறது. புதிதாக வந்த போதகர், எதற்கு எல்லோரும் சாப்பாடு கட்டிக்கொண்டு வருகிறார்கள் என்று கேட்டார். ஜஸ்டினாவின் தண்ணீர் உருக வேண்டுமே என்றார்கள். அவர் தலையாட்டிவிட்டு, தான் என்ன கொண்டுவரட்டும் என்று கேட்டார். ரொட்டி நிறைய இருக்கிறது, தொட்டுக்கொள்ளப் பிளம் ஜாம் கொண்டுவாருங்கள் என்றார்கள்.