மணி கேட்டதும் அரிசி

"இந்த வருசம் நானும் மேல ஏறுதேன்" என்று ஆனந்தவள்ளி சொன்னபோது அவள் கணவர் சுடலைக்கண்ணு இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தார். பிட்ட துண்டு சட்னியிலேயே நின்றுவிட்டது.

"அப்போ சோறு?" என்றார்.

முழங்கால் தாங்குமா என்று கேட்கவில்லை, மூச்சு வாங்குமே என்று கேட்கவில்லை. ஏட்டையாவாக இருந்து ஓய்வுபெற்ற மனிதருக்கு முதலில் வாயில் வந்தது சோறு!

வருடத்துக்கு ஒரு நாள், சாரல் காலத்தில், அந்தக் குடும்பம் தென்காசியிலிருந்து காரில் கிளம்பி அணைக்குப் போகும். படகில் அக்கரை சேர்ந்தால் மலை. பாதி வழியில் ஒரு சின்ன அருவி, உச்சியில் ஒரு பிள்ளையார், பக்கத்தில் ஒரு மணி. ஆண்கள் உச்சிக்குப் போய் மணியடிப்பார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் அருவிக்கரையில் ஆனந்தவள்ளி உலையில் அரிசி போட வேண்டும். இறங்கி வந்ததும் சுடச்சுட இலை போட்டாக வேண்டும். கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்து இதுதான் ஏற்பாடு. ஆனால் எந்த வருடமும் அவர்கள் நேரத்துக்கு வந்ததில்லை. சோறு குழைந்துபோகும். "சோறாட்டி இது? போஸ்டர் ஒட்டுத பசை" என்று ஏச்சு விழும். அவளும் வாங்கிக்கட்டிக்கொள்வாள்.

போன தை மாதம் வந்த மருமகள் ஸ்ரீதேவி வாசுதேவநல்லூர்க்காரி. "மேல என்னத்த இருக்கு அத்த?" என்று ஒருநாள் சாதாரணமாகக் கேட்டுவைத்தாள். ஆனந்தவள்ளிக்குச் சொல்லத் தெரியவில்லை. இத்தனை வருடம் போய்வந்த மலை, உச்சியில் பிள்ளையாரையும் மணியையும் தவிர என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. அன்றிலிருந்து அது மனதில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

"சோறு கட்டி எடுத்துட்டுப் போவோம். புளியோதரையும் தொவையலும்" என்றாள். சுடலைக்கண்ணு தலையை ஆட்டினார். அவ்வளவு சுலபமாக ஆட்டியதைப் பார்த்தே அவள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மலைக்குப் போன அன்று படகு ஓட்டியது பிச்சைமணி. "நாலு மணிக்கு மேல போட்டு கிடையாது அண்ணாச்சி. ஆடி அசைஞ்சு வந்தீங்கன்னா மீனோடதான் படுக்கணும்" என்று சொல்லி இறக்கிவிட்டான். ராணுவத்திலிருந்து லீவில் வந்திருந்த மகன் குற்றாலீஸ்வரன் சோற்றுப் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனான். அருவி வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

தென்காசிக்காரர்களுக்கு அருவியைக் கண்டால் கால் நகராது. ஐந்தருவி கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, முந்தாநாள்தான் போய்க் குளித்துவிட்டு வந்தார்கள். அதெல்லாம் கணக்கே இல்லை. அப்பனும் மகனும் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு தண்ணீருக்குள் நின்றார்கள், நின்றார்கள், நின்றுகொண்டே இருந்தார்கள். வெளியே வந்தபோது வயிறு கபகபவென்று எரிந்தது. "ஒரு வாய் மட்டும்" என்று பொட்டலத்தைப் பிரித்தவர்கள் மத்தியானச் சோற்றையும் சேர்த்து வழித்துவிட்டார்கள். குற்றாலீஸ்வரன் பாறையில் துண்டை விரித்து அப்படியே சாய்ந்தான். எல்லையைக் காக்கிற வீரன் குறட்டை விட்டான்.

சுடலைக்கண்ணு வானத்தைப் பார்த்தார். "மேகம் இறங்குது. நீ இங்கனயே இரி. நான் மட்டும் போயிட்டு வந்திருதேன். அதுக்குள்ள கொஞ்சம் சோறு பொங்கிரு."

"எதுல பொங்க?"

அவர் தன் பையைத் திறந்தார். சின்ன கேஸ் அடுப்பு, பானை, அரிசி, மோர், ஊறுகாய்ப் பாட்டில்.

ஆனந்தவள்ளிக்குச் சுருக்கென்றது. ஆக, வீட்டிலேயே முடிவு செய்துவிட்டார், இவள் எங்கே ஏறப்போகிறாள் என்று! அழுகை வரப் பார்த்தது. கோபம் முந்திக்கொண்டது.

"அரிசியைக் கழுவி வைங்க" என்றாள். "மணி கேட்டதும் உலையில போடுங்க. ஏட்டி ஸ்ரீதேவி, வாட்டி."

சுடலைக்கண்ணு ஏதோ சொல்ல வாயைத் திறப்பதற்குள் இருவரும் வளைவு தாண்டிவிட்டார்கள்.

ஏற்றம் லேசில்லை. பாறையெல்லாம் வழுக்கியது. கெண்டைக்காலில் அட்டை ஏறியது. ஸ்ரீதேவி கையோடு எடுத்து வந்த உப்பை வைத்து வைத்துத் தட்டிவிட்டாள். கடைசிச் சரிவில் மூடுபனி வந்து மறைத்தது. ஆனந்தவள்ளி ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இறங்கிருவோமா அத்த?"

"மணியடிக்காம இறங்குனா உங்க மாமா பட்டினியால்லா கெடப்பாரு!"

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே, உட்கார்ந்தும் தவழ்ந்தும் மேலே போய்ச் சேர்ந்தார்கள்.

இத்தனை வருடம் கீழே கேட்ட சத்தத்துக்கு அவள் கோயில் மணி அளவுக்கு ஒன்றை நினைத்து வைத்திருந்தாள். இங்கே தொங்கியது செம்பளவுதான். நாக்கைப் பிடித்து ஓங்கி அடித்தாள். மலை முழுக்கப் போய்த் திரும்பி வந்தது சத்தம். இன்னொரு தடவை அடித்தாள்.

காற்று பனியை விலக்கியது. கீழே அணை, அதில் பொட்டாகப் பிச்சைமணியின் படகு, அதற்கப்பால் பச்சைப் பசேலென்று வயல்கள், தூரத்தில் தென்காசிக் கோபுரம். ஆனந்தவள்ளி பிள்ளையாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை. சும்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அத்த, அரிசி போட்டிருப்பாங்க. இறங்குவோமா?"

"இரிட்டி, கொஞ்ச நேரம்."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. சோறு ஏன் வருடா வருடம் குழைந்தது என்று. ஒரு தடவையாவது சொன்னார்களா, மேலே இப்படி இருக்கிறதென்று! மனதுக்குள் ஏசிக்கொண்டே இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

அருவிக்கரைக்கு வந்தபோது படகுக்கு அவகாசம் கொஞ்சம்தான் இருந்தது. குற்றாலீஸ்வரன் விழித்து இலைகளைக் கழுவிக்கொண்டிருந்தான். சுடலைக்கண்ணு கரண்டியும் கையுமாக நின்றார்.

"மணியடிச்சு எம்புட்டு நேரமாச்சு! என்னத்தட்டி பண்ணுனிய மேல? சோறு குழைஞ்சு கூழாப் போச்சு பாரு!"

கத்திய பிறகுதான் தன் பேச்சு தன் காதிலேயே விழுந்தது அவருக்கு. கரண்டி அந்தரத்தில் நின்றது. உச்சியைப் பார்த்தார். பானையைப் பார்த்தார். அவளை மட்டும் பார்க்கவில்லை.

ஆனந்தவள்ளி இலையை வாங்கிக்கொண்டு பாறையில் உட்கார்ந்தாள். மோரை விட்டுப் பிசைந்து ஒரு வாய் போட்டாள். உப்பும் இல்லை.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். "அடுத்த வருசம் மணி கேட்டதும் அவசரப்பட்டு அரிசி போட்டுராதீங்க. நான் மேல கொஞ்ச நேரம் இருந்துட்டுத்தான் வருவேன்."

சுடலைக்கண்ணு குனிந்து, அவள் இலையில் இன்னொரு கரண்டி போட்டார்.